மேளத்துக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கு

எங்கள் குழுவின் இந்த வருடத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பத்தி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள் வானொலி நிலையத்தில். ஞாயிறு காலை நேரலையில் அவரவர் எழுதியதை அவரவரே வாசிக்க வேண்டும். நடுநடுவே எங்கள் மேடைப் பதிவுகளைப் போடுவார்கள். கிதார் வாசிக்கும் தலைவர் மூன்று பக்கம் எழுதினார். அதில் 'பயணம்' என்ற சொல் ஒன்பது இடத்தில் வந்தது, நான் எண்ணிப் பார்த்தேன். பாடகி ஒரு பக்கம். மேளம் அடிக்கும் லிஃப்ட் அண்ணன் தன் லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் அட்டையைத் திருப்பிப் போட்டு நான்கு வரி எழுதி, எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

"இந்த வருடம் நான்கு பெரிய கலைஞர்களோடு பதினொரு மேடையில் வாசித்தோம். என் மேளம் இத்தனை பேருக்கு இதற்கு முன் கேட்டதில்லை. வெளியே நன்றாகக் கேட்டது என்று என் மனைவி சொன்னார். எனக்கு இது போதும்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பொய்தான் இருந்தது, அதுவும் அவருடையது இல்லை. அந்தப் பதினொரு மேடையிலும் அவர் மேளம் கூட்டத்துக்குக் கேட்கவே இல்லை. கேட்காமல் செய்தவள் நான்.

குழுவில் எனக்குப் பெயர் காது. மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவில், ஒலி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். யாருடைய சத்தம் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பது என் விரலில் இருக்கிறது. மேடையில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. அவரவர் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும், மானிட்டர் என்போம். அதில் என்ன வருகிறதோ அதுதான் ஊருக்கே கேட்கிறது என்று நம்பிக்கொண்டு வாசிப்பார்கள். நம்பித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

லிஃப்ட் அண்ணனை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். ஒரு கட்டடத்தில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட்டுக்குள் ஒரு ஸ்பீக்கரோடு மாட்டிக்கொண்டேன். மணியை அழுத்தினேன், கத்தினேன், ஸ்பீக்கரை உதைத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. சும்மா தட்டல் இல்லை, நல்ல தாளம். கடைசி அடி மட்டும் ஒரு மூச்சு தாமதித்து விழுந்தது. கதவு திறக்க அரை மணி நேரம் ஆயிற்று, அந்த அரை மணியும் தட்டல் நிற்கவில்லை.

வெளியே வந்ததும், "எதுக்குத் தட்டிக்கிட்டே இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"உள்ள மாட்டினவங்களுக்கு வெளிய ஆள் இருக்குன்னு தெரியணும்ல. கை ரெண்டும் வேலையா இருந்தா கால்ல தட்டுவேன்."

சின்ன வயதில் சித்தப்பாவோடு சேர்ந்து மேளம் அடித்தவராம். அந்த வாரமே எங்கள் ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். டயர் கடைக்கு மேலே இருக்கும் அறை அது. அவர் வந்த பிறகுதான் கீழே கடைக்காரர் எங்களைக் காலி பண்ணச் சொல்வதை நிறுத்தினார்.

பதினான்கு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில். சட்டைப்பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் சொன்ன இடத்தில்தான் கோளாறு இருக்கும். மேளத்தைத் தொடுவதற்கு முன் துணி சோப்புத் தூளால் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். ஒரு சொட்டு கிரீஸ் மேளத்தின் தோலில் பட்டதில்லை.

அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். எல்லா நிகழ்ச்சிக்கும் வருவார், என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நிற்பார், அங்கேதான் சத்தம் சரியாகக் கேட்கும் என்பதால். நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணன் மேளத்தைத் தோளிலிருந்து கழற்றுவதற்கு முன்னால், தண்ணீர் குடிப்பதற்கும் முன்னால் அண்ணியிடம் வந்து கேட்பார். "வெளிய எப்படிக் கேட்டுச்சு?"

அண்ணி லேசில் விடமாட்டார். "மூணாவது பாட்டுல கிதார் உங்க மேல ஏறி உக்காந்துடுச்சு." "கடைசில ரொம்ப அவசரம், வீட்டுல பால் வச்சுட்டு வந்தீங்களா?" அண்ணன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்.

இந்த வருடம் எங்களுக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு லேப்டாப்காரர். பிறகு நான்கு வயலின், ஒரு ராப் பாடகர், ஒரு நடனக் குழு. மைதானங்கள் பெரிதாயின. போஸ்டரில் எங்கள் பெயருக்கு மேலே அவர்கள் பெயர் வந்தது, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

லேப்டாப்காரரின் தாளம் மயிரிழைகூடப் பிசகாது. அண்ணனின் கடைசி அடியோ தாமதித்துத்தான் விழும். முதல் நிகழ்ச்சியின் ஒத்திகையில் இரண்டும் இடித்தன. தலைவர் என் மேசைக்கு வந்து குனிந்து சொன்னார்.

"காது, முதல் பாட்டுக்கு மட்டும் மேளத்த வெளிய விடாதே. அண்ணன் மானிட்டர்ல இருக்கட்டும்."

"அவர்கிட்ட சொல்லிடலாமே?"

"சொன்னா மனசு கஷ்டப்படுவாரு."

அவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் அவர் முதுகில் குத்தினோம். நிகழ்ச்சி தொடங்கியதும் மேளத்தை அடைக்கும் பட்டனை அழுத்தினேன். 'மேளம்' என்று நானே எழுதி ஒட்டிய டேப்புக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் பாட்டு முடிந்ததும் திறந்துவிட வேண்டும். மறந்துவிட்டேன். கூட்டம் அப்படி ஆர்ப்பரித்தது. ஆறாவது பாட்டில்தான் விளக்கு கண்ணில் பட்டது. விரலைப் பட்டன் வரை கொண்டு போனேன். நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை ஏன் கெடுக்க வேண்டும் என்று விரலை எடுத்துக்கொண்டேன். மறந்ததை யாராவது மன்னிக்கலாம். ஞாபகம் வந்த பிறகு விரலை எடுத்தேனே, அதை நானே மன்னிக்கவில்லை.

இறங்கி வந்த தலைவர், "இன்னிக்கு சவுண்ட் கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான், அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மேடையிலும் அந்த விளக்கு எரிந்தது. ஈடு கட்டுகிற மாதிரி அண்ணனின் மானிட்டரில் மேளத்தை நன்றாக ஏற்றி வைத்தேன்.

"இந்த வருஷம்தான் காது, என் சத்தம் எனக்கே இவ்வளவு நல்லா கேக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நானும் பல்லைக் காட்டினேன்.

முதல் இரண்டு மேடையிலும் கூட்டத்தின் ஆர்ப்பரிப்பில் மேளம் அமுங்கிவிட்டது என்று நினைத்திருந்த அண்ணி, மூன்றாவது நிகழ்ச்சியில் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏம்மா, எல்லா விளக்கும் பச்சையா இருக்கு, இது மட்டும் ஏன் சிவப்பு?"

"அது சும்மா அண்ணி. சேஃப்டிக்கு."

டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். நான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்த 'மேளம்' அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்து அவர் காதில் பூ சுற்றினேன். அடுத்த நிகழ்ச்சியிலிருந்து அவர் என் பக்கத்தில் நிற்கவில்லை, தூரத்தில் ஒரு கம்பத்தோரம் போய் நின்றார். அங்கே நின்றால் மேடை நன்றாகத் தெரியும் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அண்ணன் கேட்டபோதெல்லாம் அண்ணியிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது. "நல்லா கேட்டுச்சு."

சர்வீஸ் அட்டையை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். ரேடியோவில் பதிவைப் போட்டால் மேளம் இல்லை என்று அண்ணனுக்கே தெரிந்துவிடும், அவர் கம்பெனியில் எல்லோரும் கேட்பார்கள் என்றேன்.

தலைவர் யோசிக்கவே இல்லை. "ஒவ்வொண்ணும் தனித்தனியாதானே பதிவாகியிருக்கு? மேளத்த சேத்து புதுசா மிக்ஸ் பண்ணிக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். மேசையில் அடைத்தாலும் பதிவில் மேளம் தனியாக இருந்தது. சேர்த்துவிட்டால் நாங்கள் செய்தது இந்த ஜென்மத்துக்கு வெளியே வராது. வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சேர்த்தேன். இரண்டு பாட்டில் நிஜமாகவே இடித்தது. மற்றதிலெல்லாம் நன்றாக இருந்தது. அந்த லேப்டாப் தாளத்துக்குப் பின்னால் அவருடைய தாமதமான அடி வந்து விழுந்தபோதுதான் பாட்டில் ஒரு ஆள் இருப்பது தெரிந்தது. எல்லாப் பாட்டிலும் இடித்திருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒரு நாள் ஒத்திகையில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு மனிதனை வருடம் முழுக்க அடைத்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் மென்று முழுங்கிவிடுவேன் என்று பயந்து.

அண்ணன் பழந்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "எந்த மேடையில?"

"எல்லாத்துலயும்."

கீழே யாரோ பட்டனை அழுத்த, மோட்டார் ஓடியது. அது நிற்கும் வரை காத்திருந்தார்.

"என் அடி லேட்டா விழுதா?"

"லேட்டுதான் அண்ணே. ஆனா அது தப்பில்ல."

"சொல்லியிருந்தா அந்தப் பாட்டுல சும்மா நின்னிருப்பேனே காது. ஓரமா போய்த் தண்ணி குடிச்சிருப்பேன்."

திட்டியிருக்கலாம். டூல்பாக்ஸைத் தூக்கி வீசியிருந்தாலும் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, "அவ எங்க நின்னா?" என்றார்.

"முதல்ல என் பக்கத்துல. அப்புறம் தள்ளிப் போயிட்டாங்க."

"விளக்கப் பாத்தாளா?"

"கேட்டாங்க. நான் பொய் சொன்னேன்."

அவர் முகம் அப்போதுதான் மாறியது. "ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து அவகிட்ட கேட்டிருக்கேன். பதினோரு தடவை. அவள என்ன பாடு படுத்தியிருக்கேன்."

அண்ணி என்னால்தான் பொய் சொல்லியிருக்கிறார். நான் அழுத்திய பட்டனை அவர் வாயால் மூடி வைத்திருக்கிறார், தன் புருஷனிடமே.

"நீ என்கிட்ட சொன்னது அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் அண்ணன். "பொய் சொல்லிட்டோமேன்னு வெக்கப்படுவா."

"வெக்கப்பட வேண்டியது நாங்கதான் அண்ணே."

"நீங்க படுங்க. அவ எதுக்குப் படணும்?"

ஞாயிறு காலை வானொலி நிலையத்தின் ஆறாவது மாடி அறையில் ஐந்து மைக்குகளைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் சொல்லிவிட்டது தலைவருக்கும் பாடகிக்கும் தெரியும். தலைவர் மூன்று பக்கத்தில் ஒன்றரையைத்தான் வாசித்தார். 'பயணம்' வந்த இடங்களில் குரல் தடுக்கியது. அண்ணன் முறை வந்ததும் அந்த அட்டையை எடுத்தார். மாற்றி எழுதியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. வீட்டில் அண்ணி கேட்டுக்கொண்டிருப்பார் என்று நிறுத்தி, நிதானமாக, சர்வீஸ் ரிப்போர்ட் வாசிப்பது போல வாசித்தார். என் மேளம் இத்தனை பேருக்கு இதற்கு முன் கேட்டதில்லை. வெளியே நன்றாகக் கேட்டது என்று என் மனைவி சொன்னார்.

அறிவிப்பாளர் அருமை என்றார். பாடகி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கின் மேலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வேறெதுவும் இருக்கவில்லை. பிறகு பாட்டைப் போட்டார்கள், மேளத்தோடு.

முடிந்து வெளியே வந்து லிஃப்ட்டுக்காக நின்றோம். அண்ணன் அண்ணிக்கு போன் போட்டார். மோட்டார் சத்தத்தில் பேசிப் பழகியவர், அவர் போன் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும், பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

"எப்படிக் கேட்டுச்சு?" என்றார், வழக்கம் போல.

அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இப்பதாங்க கேட்டுச்சு" என்றார் அண்ணி. அப்புறம் அழும் சத்தம் வந்தது.

அண்ணன் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அதன் முதுகில் விரலால் தட்ட ஆரம்பித்தார், மெதுவாக, அன்று லிஃப்ட் கதவில் தட்டிய அதே தாளம். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. ஏறி, தட்டிக்கொண்டே, மற்றக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களை வரச் சொல்லித் தலையசைத்தார். ஒருவருக்கும் ஏற முகம் இல்லை. நீங்க போங்க என்று தலைவர்தான் சொன்னார். கதவு மூடியது. நாங்கள் ஆறு மாடியும் படியில் இறங்கினோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல்.