எல்லாவற்றையும் கேட்ட ஒருவர்

நானும் என் சிநேகிதியும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உட்கார்ந்து அரட்டையடிப்பதைப் பதிவு செய்து இணையத்தில் போட்டுவந்தோம். அவள் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. நான் தி. நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டிராகன், சாபம், மந்திரவாள் என்று தலையணை கனத்துக்கு வரும் மாயாஜால நாவல்களைப் படிக்கும் பைத்தியம் எங்களுக்குக் கல்லூரியிலேயே பிடித்தது. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆனபிறகும் தெளியவில்லை.

மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருக்கும் என் வீட்டில்தான் பதிவு. சாப்பாட்டு மேஜையில் போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுவோம். பெயர் சொல்ல மாட்டோம், முகம் காட்ட மாட்டோம். பேச்சில் ஒழுங்கும் கிடையாது. நாவலில் ஆரம்பித்து, புதுப்படத்தைத் திட்டி, டிவி பாட்டுப் போட்டியில் நடுவர்கள் அழுவதைக் கிண்டல் செய்து, அரசியலில் வந்து நிற்போம். கேட்பவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் என்பது எங்கள் எண்ணம்.

டிவி சீரியலில் ராஜாவாக நடித்துப் பேர் வாங்கிய ஒருவர் அப்போது அரசியலுக்கு வந்திருந்தார். எங்கள் பக்கத்துச் சுவர்களிலெல்லாம் அவர் போஸ்டர். தேரில் கிரீடத்தோடு நிற்பார், தேரைச் சிங்கம் இழுக்கும். அச்சு அசல் எங்கள் நாவல்களின் அட்டைதான். ஒரு ஞாயிறு, பேச்சோடு பேச்சாக என் சிநேகிதி சொன்னாள்:

"இந்தக் கதையில எல்லாம் ஒரு ராஜா வருவான், அவன் வந்தா எல்லாம் சரியாயிடும்னு ஊரே காத்துண்டிருக்கும். நம்மூர்லயும் அதேதான். ஆனா அந்த போஸ்டர்ல சிங்கம் ஒண்ணுதான் நெஜமா வேலை செய்யறா மாதிரி தெரியறது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் வாசல் மணி அடித்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், முப்பது வயது இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றார்.

"அக்கா, அந்த டிராகன் கதையெல்லாம் பேசுறது நீங்கதானே?"

"நீங்க யாரு?"

"உங்க ரசிகன்னு வெச்சுக்கோங்களேன். ஒண்ணு விடாம கேட்டுக்கினு வரேன். அந்த மந்திரவாதி சாவக்கூடாதுன்னு சொன்னீங்க பாருங்க, கரெக்ட்டு."

அந்தக் கதையைப் பற்றி நாங்கள் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "வீடு எப்படித் தெரிஞ்சது?" என்றேன்.

"நீங்க பேச சொல்லோ ட்ரெயின் போவுது. ஸ்டேஷன் மைக்கு வேற கேக்குது. இந்தத் தெருவுல நம்ம பசங்க கீறானுங்க. இன்னா பெரிய வேலை?" தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "அண்ணனைப் பத்தி சிரிச்சீங்கல்ல. நான் ஜாலியா எடுத்துக்குவேன் அக்கா. பசங்க அப்படி கெடயாது. அடுத்த தபா நல்லதா நாலு வார்த்த சொல்லிடுங்க, முடிஞ்சிடும்."

கிளம்பும்போது, "அப்பவே வந்துட்டேன். பாப்பா வேன் ஏறட்டும்னு வெயிட் பண்ணேன். கொழந்த முன்னாடி எதுக்கு?" என்றார்.

கதவைத் தாழிட்டுவிட்டு, தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன். அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசியதால்தான் வாயே வரவில்லை.

சிநேகிதி போனில், "ஒண்ணும் நல்லதா சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சையே விட்டுடுவோம். வெறும் நாவல் மட்டும் பேசலாம்" என்றாள். ஞாயிறு வந்தாள். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். பிறகு கேட்டுப் பார்த்தோம். ஒரு கதையில் முட்டாள் இளவரசன் என்று நான் சொல்லியிருந்தேன். வெட்டினோம். சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்ட தளபதி என்று அவள் சொல்லியிருந்தாள். அதையும் வெட்டினோம். கூட்டம் கைதட்டுவது, குடிமக்கள் ஏமாறுவது, கிரீடம் பெரிதாகிக் கண்ணை மறைப்பது, எதைச் சொன்னாலும் அவரைத்தான் சொன்னதுபோல் இருந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு குதிரையைப் பற்றிய வர்ணனை. அதை நாங்கள் போடவில்லை.

அதற்குள் அவள் பள்ளித் தாளாளர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். குழந்தையைச் சேர்க்க விசாரிப்பதாக இரண்டு பேர் வந்தார்களாம். பள்ளியைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று சொல்லி, இவள் பாடம் நடத்தும் வகுப்புக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள். "இவங்கதான்" என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிவிட்டு, நன்றி சொல்லிப் போயிருக்கிறார்கள். விண்ணப்பம் வாங்கவில்லை.

"கொஞ்ச நாள் லீவுல இருங்களேன்" என்றிருக்கிறார் தாளாளர்.

அன்று சாயங்காலமே அவள் தன் மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் தனியாகப் பேசிப் பதிவேற்றினாள். என்னிடம் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். யாரையும் புகழச் சொல்லி யாரும் வீடு தேடி வரக்கூடாது என்றாள். கடைசியில் தன் பெயரையும் சொன்னாள். ஆட்டோவில் போகும்போது இயர்போனில் கேட்டேன். பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மிரட்டல் இல்லை, ஒரு வசவு இல்லை. பதிவின் கீழே யாரோ கைகூப்பும் படத்தை மட்டும் போட்டிருந்தார்கள். வாசலில் மணி அடித்தால் நான் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகளை வேனில் அனுப்புவதை நிறுத்திவிட்டு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். சிநேகிதி லீவு முடிந்தும் பள்ளிக்குத் திரும்பவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கோ தெற்கே குடிபோனாள். "சாமானெல்லாம் செட்டில் ஆகட்டும், விலாசம் சொல்றேன்" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

தேர்தல் முடிந்தது. ராஜா ஜெயித்தார். எங்கள் சந்தில் வருஷக்கணக்காக அடைத்துக்கொண்டிருந்த சாக்கடையை இரண்டே நாளில் சரிசெய்து கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பங்குனித் திருவிழாவின்போது மயிலாப்பூர் போனேன். மாடவீதியில் நடக்க முடியாத கூட்டம். ஒரு மோர்ப்பந்தலைத் தாண்டும்போது ஒரு கை என் முன்னால் டம்ளரை நீட்டியது. அதே வெள்ளைச் சட்டை.

"அக்கா, சௌக்கியமா? இப்பல்லாம் பேசுறதே இல்லியே. போரடிக்குது."

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"டீச்சரம்மாவ கேட்டதா சொல்லுங்க. மடிப்பாக்கத்துல காத்து நல்லா வருதாமே. மூணாவது மாடின்னா சும்மாவா?" சிரித்தபடி அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றத் திரும்பிவிட்டார்.

பூக்கடை ஓரமாக ஒதுங்கி அவளுக்குப் போன் செய்து, "நீ இருக்கறது மடிப்பாக்கமா?" என்றேன்.

"யார் சொன்னா?"

சொன்னேன்.

"மூணாவது மாடின்னு சொன்னானா?"

"ஆமா."

போனில் அவள் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. "நீ எங்க நிக்கறே இப்போ?"

"மாடவீதில."

"மொதல்ல ஆத்துக்குக் கெளம்பு. கொழந்தை யார்கிட்ட இருக்கா?"