அறுபதைத் தாண்டாத கார்

அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகமாட்டேன் என்று என் கார் அடம்பிடித்தபோது வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. அறுபது வரைக்கும் ஒழுங்காகப் போகும். அதற்குமேல் மிதித்தால் இழுவையே இருக்காது. "நம்ம ஊர்ல அறுவதுக்கு மேல எங்க போவ முடியும்?" என்றாள் மனைவி. நியாயந்தான். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகிற ரோட்டில் அறுபதைத் தொட்டவனுக்குச் சிலை வைக்கலாம்.

ஆனால் என் கவலை வேறு. மஸ்கட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறாள். போன தடவை எனக்குக் காய்ச்சல், மனைவியின் தம்பி போய் அழைத்து வந்தான். இறங்கியதும் மகள் சொன்ன முதல் வார்த்தை, "மாமா கார் என்னா சொகம்." அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை. இந்தத் தடவை நான்தான் போகவேண்டும். மனைவியோ, "வண்டி செரியாவலேன்னா எந்தம்பி போவான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

அடுத்த தெரு மெக்கானிக்கிடம் விட்டேன். படுசுத்தக்காரர். அடுத்தவர் காரில் ஏறுமுன் காலடி விரிப்பை எடுத்து ஓரமாக வைத்து, செய்தித்தாள் விரித்துத்தான் உட்காருவார். நான்குவழிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நூறுல பறக்குது சார், ஒண்ணும் இல்ல கேட்டியளா" என்றார். விரிப்பைப் பழையபடி போட்டுத் தந்தார். நான் ஓட்டினேன். அறுபது.

பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். அறுபது. பிளக்கை மாற்றினார். அறுபது. ஏர் ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே ஒரு காய்ந்த கரப்பான்பூச்சி கிடந்தது. குற்றவாளி அகப்பட்டான் என்று அதைத் தாளில் மடித்துக்கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். "பாவம்" என்றாள். கரப்பான் இல்லாமலும் அறுபதுதான்.

மைத்துனன் போனில் விளக்கம் சொன்னான். "ஆடிக் காத்துல்லா அத்தான், ஆரல்வாய்மொழிப் பக்கம் வண்டிய புடிச்சு நிறுத்தும்." நானும் அதை நம்பிப் போனேன். காற்று என் முதுகுப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. நான் ஆனமட்டும் மிதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிளாஸ்டிக் பை என்னை முந்திக்கொண்டு காவல்கிணறு பக்கம் போயிற்று. இந்த அவமானத்தை அவனிடம் நான் சொல்லவில்லை.

கடைசியில் மெக்கானிக் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "தப்பா எடுக்கப்பிடாது சார். நீங்க கொஞ்சம் அழுத்திச் சவுட்டணும்."

இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறவனிடம் மிதிக்கத் தெரியாது என்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏறி உக்காரும்" என்று அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முள் அறுபதில் நின்றது. அவர் முள்ளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பிறகு "ஓரமா நிறுத்துங்க" என்றார். குனிந்து ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அதற்கடியில், ஆக்சிலேட்டருக்கு நேர் கீழே, வாசலில் கால் துடைக்கிற கயிற்று மிதியடி ஒன்று இருந்தது. ரெண்டாக மடித்து, நகராதபடி விரிப்போடு சேர்த்துச் சணலால் கட்டியிருந்தது. பெடல் பாதி தூரம் இறங்கி அதில் முட்டி நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இவர் இரண்டையும் சேர்த்துத் தூக்கி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார், மரியாதையாகத் திருப்பி வைத்தும் தந்திருக்கிறார்.

மிதியடியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் வச்சேன்" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "சித்திரையில திருநவேலி போயிட்டு வரும்போ நூத்திப்பத்துல ஓட்டினிய. மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு கெஞ்சினேன். காதுல விழுந்துதா? எனக்கு அண்ணைக்கு உயிரே இல்ல."

"அதுக்காவ? மூணு வாரமா நாயா அலையுதேன், ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"மெக்கானிக்க கேட்டிய. எந்தம்பிய கேட்டிய. கரப்பான்பூச்சியக்கூட விசாரிச்சிய. என்கிட்ட கேட்டியளா?"

கேட்கவில்லைதான். செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

"ஞாயித்துக்கெழம நீங்க போறதா இருந்தா அது அங்கனயே இருக்கட்டும். இல்லேன்னா இப்பமே தம்பிக்குப் போன் போடுகேன்" என்றாள்.

ஞாயிறு காலையில் என் கையாலேயே மிதியடியை மடித்து வைத்துச் சணலை இறுக்கிக் கட்டினேன். இருவருமாகக் கிளம்பினோம். விமான நிலையத்தில் மகள் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும், "அப்பா, கார் எங்க?" என்றாள். மாமன் காரைக் கேட்காமல் என் காரைக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டிகளை உருட்டிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

காரைத் திறந்ததும் அவள் நேராக என் சீட்டுப் பக்கம் போய், குனிந்து, ரப்பர் விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இருக்குதும்மா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மிதியடிய மடிக்காம விரிச்சப்போ நீங்க எம்பதுல போனியளாம்ப்பா. அம்மா போன்ல அழுதா. நாந்தான் ரெண்டா மடிக்கச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கண்தான் கலங்கியது. டிக்கியைத் திறந்து, இருந்த இரண்டே இரண்டு பெட்டிகளை வெகுநேரம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.