கோபம் வந்தால் பத்து நிமிஷம்

துறைமுகத்தில் அவருக்கு டேங்க் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கும் கிரேனை இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். பதின்மூன்று மாடி உயரத்தில், காலடியிலும் கண்ணாடி பதித்த கேபின். அதில் ஏசி இருந்தது, காற்றின் வேகம் காட்டும் மீட்டர் இருந்தது, தூக்குகிற எடையைக் காட்டும் மீட்டர் இருந்தது. கழிப்பறை மட்டும் இல்லை. கிரேனை வடிவமைத்த இன்ஜினியர், மனித உடம்பைப் பற்றிய பாடம் நடந்த அன்று வகுப்புக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும்.

இறங்கப் பத்து நிமிஷம், திரும்ப ஏறப் பத்து நிமிஷம். கப்பலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆகவே கிரேன்காரர்கள் இறங்குவதில்லை. சிலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சிலர் காலி பாட்டிலோடு ஏறுவார்கள். நம்மவருக்கு இரண்டு கட்சி மீதும் மரியாதை இல்லை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி, ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு இறங்கியவர். டேங்க் என்பது அதற்காகச் சக தொழிலாளிகள் கொடுத்த பட்டம். அரசாங்கம் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

"உடம்பு ஆயிரம் சொல்லும். காதுல வாங்கினா கப்பல் நகருமா?" என்பார்.

ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு காலை வேளையில், உடம்பு ஆயிரத்து ஓராவது முறையாகச் சொன்னது. இடது கை மரத்தது. உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்து இன்னும் மூன்று கன்டெய்னர் இறக்கினார். மூன்றாவதை லாரியின் மேல் ஒரு விரலளவு பிசகாமல் வைத்த பிறகுதான், இடது கை லீவரிலிருந்து நழுவித் தொடையில் கிடப்பதைப் பார்த்தார். உணரவில்லை, பார்த்தார். மீட்புக் கூடையில் வைத்துக் கீழே இறக்கினார்கள். மூளையில் வலது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த மூன்றாவது கன்டெய்னரைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள்.

ஐந்து மாதத்தில் கால் வந்தது, கை முக்கால்வாசி வந்தது. வராதது வேறு. பசிப்பதில்லை, மத்தியானம் தட்டு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் அவர் பாட்டுக்கு இருப்பார். களைப்பு தெரிவதில்லை, நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்திருப்பார். ஊருக்கெல்லாம் டேங்க் ஆனவருக்கு, டேங்க் நிறைந்தது வேட்டி நனைந்த பிறகுதான் தெரிந்தது.

மேலே ஏறும் வேலை இனி இல்லை என்று துறைமுகம் எழுதிவிட்டது. ஆனால் தரையில் சிக்னல்மேன் வேலை ஒன்று காலியாக இருந்தது. வாக்கிடாக்கியை வைத்துக்கொண்டு மேலே இருப்பவருக்கு வழி சொல்லும் வேலை. இரண்டு மாதம் கழித்து நாலு மணி நேரம் யார்டில் வைத்துப் பரிசோதிப்பார்கள். விழாமல், நனையாமல், லோடை நட்டாற்றில் விடாமல் தாக்குப்பிடித்தால் வேலை. இல்லாவிட்டால் மாலை, சால்வை, குரூப் போட்டோ, வீடு.

"போட்டோவுக்கு நிக்க மாட்டேன்," என்றார் மனைவியிடம். "அந்த வேலை எனக்கு வேணும்."

மனைவி சீருடை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவர். வாயில் ஊசியோடு பேசிப் பழகியதால் சுருக்கமாகத்தான் பேசுவார். "வேணும்னா வாங்குங்க," என்றார்.

மறுவாழ்வு மையத்தில் அவர் பொறுப்பை ஏற்ற பெண்ணுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கை கால் பயிற்சி எல்லாம் வேறு அறையில். இந்தப் பெண்ணின் வேலை, உடம்பு உள்ளேயிருந்து அனுப்பும் சேதியைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது. வீட்டுப்பாடம் கொடுத்ததால் நம்மவர் அவருக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்.

"கண்ண மூடிக்குங்க. நாடியைத் தொடாதீங்க. அரை நிமிஷத்துல உங்க இதயம் எத்தனை தடவை அடிக்குதுன்னு உள்ளயே கவனிச்சு எண்ணுங்க," என்றார் டீச்சர். விரலில் கிளிப் மாதிரி ஒரு மீட்டரை மாட்டினார். அதன் எண் டீச்சர் பக்கம் திரும்பியிருந்தது.

"முப்பத்தாறு," என்றார் டேங்க்.

மீட்டரும் முப்பத்தாறு என்றது. மறுநாள் இவர் முப்பத்தாறு, மீட்டர் முப்பத்தைந்து. டீச்சருக்கே ஆச்சரியம். மூன்றாம் வாரம், பெடல் சைக்கிளில் ஐந்து நிமிஷம் மிதிக்க வைத்து, மூச்சு வாங்க இறக்கி, உடனே எண்ணச் சொன்னார்.

"முப்பத்தாறு."

மீட்டரில் ஐம்பத்து மூன்று.

டீச்சர் நோட்டை மூடினார். "சார், உங்க இதயம் ரொம்ப ஒழுக்கமானது. மலையேறினாலும் முப்பத்தாறுதான் அடிக்கும்போல."

டேங்க் சுவரைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. டாக்டர் சீட்டில் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு என்று எழுதியிருந்ததை அவர் முதல் நாளே மனப்பாடம் செய்திருந்தார். மற்றதெல்லாம் அந்தக் கடிகாரத்தின் டிக் டிக்கும், கொஞ்சம் பெருக்கல் வாய்ப்பாடும்.

"மீட்டரைப் பாத்து ஓட்டினவன்மா நான்," என்றார். "உள்ள எண்ணுன்னா, உள்ள ஒண்ணுமே கேக்கல. இருட்டு ரூம் மாதிரி இருக்கு."

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா மூணு வாரம் மிச்சம்."

"சொன்னா ஃபெயில் போடுவீங்கல்ல?"

"நான் யாருக்கும் மார்க் போடறதில்ல சார். துறைமுகம்தான் போடும்."

அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் வீட்டிலும் இதே தில்லுமுல்லுதான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனில் அலாரம், அடித்ததும் பாத்ரூம். ஒரு மாதமாக வேட்டி நனையவில்லை, வெற்றி வெற்றி என்றிருந்தார். யார்டில் போன் கூடாது. வடமும் கொக்கியும் ஓடுகிற இடம் என்பதால் கைக்கடிகாரமும் கூடாது. போதாததற்கு, அலாரம் அடித்ததும் தலைக்கு மேல் தொங்கும் கன்டெய்னரை அப்படியே விட்டுவிட்டு ஓடவும் முடியாது. முன்கூட்டியே தெரிய வேண்டும். மூத்திரப்பைக்கு ஒரு காற்று மீட்டர் வேண்டும்.

"காத்து எகிறப் போகுதுன்னு மீட்டர் இல்லாம தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"தெரியாம என்ன? கயிறு லேசா முனகும். கடல்ல நிறம் மாறும். மீட்டர் சிவப்புக்கு வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே லோடை இறக்கிடுவேன்."

"அப்போ சிவப்பைத் தேடாதீங்க. முனகலைத் தேடுங்க."

ஆசாமி பிடிவாதக்காரர். இருபத்தாறு வருஷம் உடம்பின் வாயை அடைப்பதில் காட்டிய பிடிவாதத்தை இப்போது அதன் வாயைப் பிடுங்குவதில் காட்டினார். நோட்டு வாங்கினார். ஒவ்வொரு தடவை பாத்ரூம் போவதற்கு முன்னும் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து, தெரிந்ததை எழுதினார். முதல் பத்து நாள் எழுதியது: "ஒன்றுமில்லை." பதினோராம் நாள்: "ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம்." நெஞ்சில் கை வைக்காமல் இதயத்தைக் கேட்க முயன்று இரண்டு தடவை தூங்கிப்போனார்.

பதினைந்தாம் நாள் மத்தியானம், வீட்டில் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் சீறி விழுந்தார். காரணம், நூற்கண்டு மேஜை ஓரத்தில் இருந்தது.

மனைவி ஊசியை வாயிலிருந்து எடுத்தார். இது அபூர்வம். "ஏங்க, பாத்ரூம் போயிட்டு வாங்க."

"நான் நூலைப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"போயிட்டு வந்து பேசுங்க."

முறைத்துக்கொண்டே போனார். போனால், நிறையவே இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் நூற்கண்டு அதே ஓரத்தில்தான் இருந்தது; இப்போது அதன் மேல் அவருக்கு எந்தப் புகாரும் இல்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா அப்படித்தானே. வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையும்போதே செருப்பு சரியில்ல, வாசல் சரியில்ல, நான் சரியில்ல. பாத்ரூம் போயிட்டு வந்தா எல்லாம் சரியாயிடும். பசிச்சா வேற மாதிரி. குரல் இறங்கி, உலகமே உங்களை ஏமாத்துன மாதிரி பேசுவீங்க."

"இருபத்தாறு வருஷம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே."

டேங்க் நோட்டை எடுத்தார். "மனைவி மேல் கோபம். காரணம்: நூற்கண்டு. நியாயமான காரணம்: இல்லை. முடிவு: பாத்ரூம்" என்று எழுதினார். டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். கோபம் வந்ததும் அப்படியே நின்று, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார். தேடினார். தாடை இறுகியிருந்தது. வலது கால் கட்டைவிரல் செருப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம், அதற்குக் கீழே, அடிவயிற்றில், தூரத்து அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தியது போல ஒன்று. நோட்டில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினார்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. உலகத்தில் நியாயமான கோபங்களும் உண்டு. மனைவி மூன்று நாள் தொடர்ந்து எந்தப் பேச்சுக்கும் "பாத்ரூம் போங்க" என்று பதில் சொன்னதில், அவர் இரண்டு நல்ல வாதங்களில் தோற்றார்.

பரிசோதனை நாள் வந்தது. அவருடைய பழைய கேபினில் இப்போது இருந்தவர் மனைவியின் தம்பி. தலைக்கவசமும் அட்டையில் செருகிய படிவமுமாகப் பாதுகாப்பு அதிகாரி பக்கத்திலேயே நின்றார். பேனாவை டக் டக் என்று அமுக்கிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம்.

முதல் இரண்டு மணி நேரம் தேர் ஓடுவது போல ஓடியது. "இடது பக்கம் கொஞ்சம்... கொஞ்சம்னேன் மாப்ள, உங்க அக்கா துணி வெட்டுற அளவு... இறக்கு." மேலேயிருந்து, "சரி அத்தான்." களைப்பு மெல்லத் தொடையில் ஏறியதைக் கவனித்து, இரும்புத்தூணில் சாய்ந்துகொண்டார். இதெல்லாம் நோட்டில் இருந்ததுதான்.

மூன்றாவது மணியில், பதினெட்டு டன் கன்டெய்னர் ஒன்று தலைக்கு மேல் வரும்போது, அவருக்கு அந்தப் பேனா பிடிக்காமல் போனது. பேனா மட்டுமல்ல, அதிகாரியின் மீசை, அவர் நிற்கிற தோரணை, அவரைப் பெற்றவர்கள். டக் டக். பிடுங்கிக் கடலில் எறியலாமா என்றிருந்தது.

இது நியாயமான கோபமா, மற்றதா? அந்தப் பேனாச் சத்தத்துக்கு யார் வேண்டுமானாலும் கோபப்படலாம். தாடையைத் தேடினார். இறுகியிருந்தது. கட்டைவிரலைத் தேடினார். பூட்ஸுக்குள் சுரண்டிக்கொண்டிருந்தது. அடிவயிற்றில், தூரத்து அறையில், நாற்காலி நகர்ந்தது.

கூடவே ஒரு பழைய குரல்: ஒன்பது மணி நேரம் அடக்கினவன் நீ, இன்னும் ஒரு மணிதான், நிறுத்தினால் போச்சு. அந்தக் குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். மூன்றாவது கன்டெய்னரை இறக்கச் சொன்னதும் அதுதான்.

"மாப்ள, லோடை லாரியில வை. மெதுவா... வச்சாச்சா? கொக்கியைக் கழட்டு. நிறுத்து. பத்து நிமிஷம்."

அதிகாரி நிமிர்ந்தார். "ஏன் நிறுத்துனீங்க? மயக்கமா?"

"இல்ல சார். உங்க மேல கோபம் வந்துச்சு."

"என் மேலயா? நான் என்ன பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. அதான் நிறுத்தினேன்."

விளக்கம் சொல்ல நேரமில்லை. கழிப்பறை முந்நூறு அடி தள்ளி இருந்தது. ஓடவில்லை, ஓடினால் முழங்கால் மடியும். இடது காலை ஒவ்வொரு அடியும் கவனித்து வைத்து நடந்தார். எட்டு நிமிஷத்தில், காய்ந்த கால்சட்டையோடு திரும்பி வந்து, வாக்கிடாக்கியை எடுத்தார்.

அதிகாரி படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடையில் நிறுத்தினாரா" என்ற இடத்தில் ஆம் போட்டிருந்தார். பக்கத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். "இதுல கோபம்னா எழுத முடியும்?" என்றார்.

டேங்க் முழுக் கதையையும் சொன்னார், நூற்கண்டு உட்பட. அதிகாரி கேட்டுக்கொண்டே பேனாவை அமுக்கினார். பாதியில் ஏனோ நிறுத்திக்கொண்டார். பிறகு எழுதினார்: "லோடை முழுதாக இறக்கி, கொக்கியை விடுவித்த பின், தானே உணர்ந்து நிறுத்தினார்." எழுதி முடித்ததும், "நீங்க வேலையைப் பாருங்க, இதோ வந்துடறேன்" என்று அவரும் அந்த முந்நூறு அடியைக் கடக்கப் போனார்.

கடைசி ஒரு மணி நேரத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. அரை ஷிஃப்ட் வேலை கிடைத்தது. குரூப் போட்டோ ஒத்திவைக்கப்பட்டது.

இப்போது டேங்கின் வாக்கிடாக்கியில் காலையில் ஒரு தடவையாவது சண்டைச் சத்தம் கேட்கிறது.

"இடதுன்னு சொல்றீங்க, வலதுன்னு சொல்றீங்க, கீழ நின்னுக்கிட்டு என்னதான் பாக்கறீங்க அத்தான்?"

"மாப்ள, நான் இடதுன்னு மட்டும்தான் சொன்னேன். மேல ஏறி எத்தனை மணி நேரமாச்சு?"

"அஞ்சரை. அதுக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"கட்டைவிரல் என்ன பண்ணுது?"

"பூட்ஸுக்குள்ள சுரண்டுது அத்தான்."

"லோடை இறக்கிட்டு நீயும் இறங்கு. கப்பல் எங்கயும் போயிடாது."

இரும்பு ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. வேகமாகத்தான் கேட்கிறது. டேங்க் வழியிலிருந்து ஒதுங்கி நிற்கிறார்.