விஜயதசமி காலையில் எழ மறுத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பொட்டு வைக்கப்படாத இயந்திரம் நான் ஒருவன்தான். மிக்ஸி, கிரைண்டர், இன்வெர்ட்டர், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் என் மனைவி தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே வருவாள். என் அருகில் வந்ததும், "கொஞ்சம் நகருங்க, வழியில நிக்கிறீங்க" என்பாள். உழைக்கிற பொருளுக்குத்தானே பூஜை.

என் பங்குக்கு நான் செய்வது ஒன்று உண்டு. பூஜைக்கு முன்னால் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு வருடத் தூசியைத் தட்டிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. இந்த வருடமும் அப்படித்தான் தட்டினேன். மாலையில் பொரி, கடலை, தீபாராதனை. அன்று எதையும் தொடக்கூடாது என்பதால் தொடவில்லை. சும்மா இருப்பதை ஒரு சம்பிரதாயமாகவே வைத்திருக்கும் நாள் அது ஒன்றுதான். நான் தவறாமல் கடைப்பிடிக்கிறேன்.

மறுநாள் விஜயதசமி. என் மனைவி கல்யாணத்துக்கு முன் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் பிறந்தபின் வேலையை விட்டாள். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட இந்த வருடம்தான் மறுபடி ஆரம்பிக்கிறாள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் ஐந்து குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியே தமிழ் வகுப்பு. முதல் பாடம், விஜயதசமி காலை நல்ல நேரத்தில் தட்டில் அரிசியைப் பரப்பி 'அ' எழுதுவது. ஐந்து வீடுகளிலும் அரிசித் தட்டு தயார் என்று செய்தி வந்திருந்தது. இவளும் பட்டுப் புடவைக்கு மாறியிருந்தாள்.

பொத்தானை அமுக்கினாள். பெட்டிக்குள் காற்றாடி சுழன்றது, விளக்கு எரிந்தது, நாலைந்து நொடியில் எல்லாம் அடங்கியது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துப் போட்டு மறுபடி அமுக்கினாள். அதே கதை.

"நேத்து இதைப் பிரிச்சு என்ன பண்ணீங்க?"

"தூசி தட்டினேன்."

"தூசி இருந்தப்ப ஓடுச்சே!"

"செல்போன்லயே வகுப்பை வெச்சுக்கயேன்" என்றேன்.

"அஞ்சு மூஞ்சியும் அந்தக் கட்டத்துல கடுகாட்டம் தெரியும். எவன் கோணலா எழுதுறான்னு நான் எப்படிப் பாக்கறது?"

புத்தூரில் எங்களுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அழைத்தேன். "டூல்ஸெல்லாம் சாமிகிட்ட இருக்கு சார். மறுபூஜை முடிச்சுத்தான் எடுப்போம். மத்தியானமா வரேன்" என்றார். அப்போதுதான் என் ஸ்க்ரூடிரைவரும் பூஜை அறையில், புத்தகங்களுக்கும் அரிவாள்மணைக்கும் நடுவே, பொட்டோடு உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டு மறுபூஜையும் வகுப்புக்குப் பிறகுதான். தயங்கி நின்றேன்.

"எடுங்க. சரஸ்வதி கோச்சுக்க மாட்டா. நான்தான் கோச்சுக்குவேன்."

தகட்டைக் கழற்றும் சத்தம் கேட்டோ என்னவோ, மாடியில் குடியிருப்பவர் இறங்கி வந்துவிட்டார். ரிட்டையர்ட் ஆனவர், அடுத்தவர் வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் அவருக்கு இளமை திரும்பும்.

"என்ன ஸ்வாமி, மூச்சு இருக்கா?"

"வருது, நின்னுடுது."

"அப்போ எஸ்.எம்.பி.எஸ். போயிடுத்து" என்றார், மின்சாரம் வழங்கும் டப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். "இல்லேன்னா மதர்போர்டு. அதுவும் இல்லேன்னா வேற ஏதோ."

இவ்வளவு துல்லியமான நோயறிதலுக்குப் பின் நானும் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். மெமரி அட்டையை உருவி, அதன் மஞ்சள் விளிம்பை ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினேன். காற்றாடி சுழன்றது, அடங்கியது. ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டேன். அடங்கியது. "மறுபடி தேய்ங்கோ, சரியா தேய்க்கலை" என்றார் மாடிக்காரர். மறுபடி தேய்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததில், வெளியே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

மனைவியின் செல்போனில் செய்திகள் விழத் தொடங்கின. மிஸ், ரெடி. மிஸ், அரிசியைச் சாப்பிட ஆரம்பிச்சுட்டான்.

"நகருங்க ரெண்டு பேரும்" என்று அவளே வந்து பொத்தானை அமுக்கினாள். விரலை எடுத்தவள் அப்படியே குனிந்து பார்த்தாள்.

"இது ஏன் வெளிய வர மாட்டேங்குது?"

பொத்தான் உள்ளேயே நின்றிருந்தது. அதைச் சுற்றியிருந்த இடுக்கில் முந்தைய நாள் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. பெட்டியின் முகத்தில் பொட்டுக்குப் பொருத்தமாக வட்டமாக இருப்பது அந்தப் பொத்தான் ஒன்றுதான், அதில்தான் வைத்திருந்தாள். விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும் என்பது எனக்கும் தெரியும், மாடிக்காரருக்கும் தெரியும். சந்தனம் எங்கள் சார்பில் அமுக்கிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி இடுக்கைச் சுரண்டினாள். சந்தனம் தூளாக உதிர்ந்தது. பொத்தான் டிக்கென்று வெளியே வந்தது.

"அடியேன் அப்பவே ஸ்விட்சுன்னு சந்தேகப்பட்டேன்" என்றார் மாடிக்காரர்.

மறுபடி அமுக்கினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. திரையில் ஐந்து முகங்கள் வந்தன. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. திறந்த வயிற்றோடு பெட்டி உறுமிக்கொண்டிருக்க, அவள் தன் தட்டில் மெதுவாக எழுதிக் காட்டினாள். ஒரு குழந்தை அரிசியில் விரலை வைக்க மாட்டேன் என்று அழுதது. "சரி, நீ பாத்துக்கிட்டே இரு கண்ணு. எப்பத் தோணுதோ அப்ப எழுதலாம்" என்றாள். அந்தக் குரலை நான் இந்த வீட்டில் கேட்டதில்லை. எனக்குக் கிடைத்தது அதன் வேறு பதிப்பு.

மாடிக்காரர் என் பக்கம் சாய்ந்து, "இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு தரம்..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பாமலே பின்பக்கமாக ஒரு விரலைத் தூக்கினாள்.

நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தோம். அழுத குழந்தை அரிசியில் முதல் சுழியைப் போட்டுக்கொண்டிருந்தது.