காசின் மேல் உட்காருவது

ஸ்டுட்கார்ட்டில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, கழிப்பறை இருக்கையைத் தவிர. கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் இருக்கை அது. அதற்குள் பழைய ஜெர்மன் காசான மார்க் நாணயங்களைப் பதித்திருந்தார்கள். யூரோ வந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம். எனக்கு அது பெரிய அதிசயம். அம்மாவுக்கோ பாவம்.

"இஞ்சருங்கோ, லட்சுமிக்கு மேல ஆராவது குந்துவினமோ?"

அம்மா அப்போது வயிற்றில் தம்பியோடு இருந்தார். இருக்கையைத் தூக்கிவிட்டு, குளிர்ந்த பீங்கான் விளிம்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார். ஒருநாள் வழுக்கியும் விட்டது. நல்லகாலம், ஒன்றும் ஆகவில்லை. அன்றே அப்பா ஒரு வெள்ளை இருக்கை வாங்கி வந்தார். பழையதைக் கழற்றி நிலவறையில் பத்திரமாக வைப்பதென்று ஏற்பாடு. துருப்பிடித்த நட்டு அசைய மறுத்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, முறுக்கிய முறுக்கில் இருக்கை படாரென்று வெடித்து இரண்டாகியது.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. எத்தனையோ பேர் கதவைச் சாத்திய பிறகு எங்களை நம்பி வீடு தந்தவர் அந்த வீட்டுக்காரர். மனைவி இறந்தபின் எங்கள் தளத்தை விட்டுவிட்டுக் கீழே தனியாக இருந்தார். சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"உடைஞ்சது உடைஞ்சிட்டுது அத்தான். சுத்தியலால ரெண்டு போட்டா காசு வந்திடும். பாங்கில மாத்தி, இதே மாதிரி ஒண்டு வாங்கிக் குடுப்பம்" என்றார் மாமா.

அப்பா சுத்தியலைக் கையில் வாங்கிவிட்டார். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"உடைச்சதைத் தவறி உடைஞ்சதெண்டு சொல்லலாம். காசை எடுத்தா என்னெண்டு சொல்லுவியள்?"

அழைப்புமணி அடித்தது.

வீட்டுக்காரர்தான். எங்களில் ஜெர்மன் சரளமாகப் பேசுகிறவள் பத்து வயது நான் மட்டுமே. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். காசு எங்களுக்குக் கடவுள், கடவுளின் மேல் அம்மாவால் உட்கார முடியாது என்று பயத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் துண்டுகளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனி வேற வீடுதான்" என்று மாமா முணுமுணுத்தார்.

திடீரென்று கிழவர் சிரிக்கத் தொடங்கினார். தான் படு கஞ்சனாம். "இனி உன் காசின் மேலேயே உட்கார்ந்திரு" என்று சொல்லி, அவருடைய பிறந்தநாளுக்கு மனைவிதான் அந்த இருக்கையை வாங்கித் தந்தாராம். மாமா சுத்தியலைக் காட்டி, காசை எடுத்துத் தரட்டுமா என்று சைகையால் கேட்டார். அவர் வேண்டாமென்று தலையாட்டி, துண்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தார். தோள்கள் குலுங்கின.

நான் ஒரு சொல்லைக்கூட இன்னும் தமிழாக்கியிருக்கவில்லை. அதற்குள் அம்மா கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தி, தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சிரிக்கிற மனிதருக்கு எதற்குத் தண்ணீர் என்று எனக்கு விளங்கவேயில்லை.