விளக்கின் வயிற்றில் ஒரு தோடு

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த நோயாளிகளுக்கும் அவள் அக்காதான். இருபத்தாறு வருஷமாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நின்று "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் புருஷன் இருமினால்கூட அதுவே வாயில் வந்துவிடும். அவர் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தார். "தலைக்கு வெளிய நான் பாத்துக்கறேன், உள்ள இருக்கறத அவ பாத்துக்கறா" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர்கள் வீட்டு மாடி அறையில் முப்பத்தெட்டு விளக்குகள் இருந்தன. எல்லாம் ஒரு காலத்தில் கூடாரங்களில் எரிந்தவை. திரி போட்ட அரிக்கேன்கள், காற்றடித்து ஏற்றும் காஸ் லைட்டுகள், மலையேறப் போகிறவர்கள் இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளும் குட்டி விளக்கு ஒன்று. துருவைச் சுரண்டி, வாஷர் மாற்றி, ஓட்டைக்கு ஈயப்பற்று வைத்து, ஒவ்வொன்றையும் எரியவைத்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும். இத்தனைக்கும் அவள் ஒரு நாள்கூடக் கூடாரத்தில் படுத்ததில்லை. துடைத்துக்கொண்டே இருக்கும்போது எங்கிருந்தோ ஈரப் புல் வாசனை வரும். கேன்வாஸ் துணி காற்றில் படபடக்கும். யாரோ தூரத்தில் தண்ணீரில் கால் நனைப்பதுபோல் இருக்கும். கை அது பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருக்க, மனசுக்குள் அவள் ஏதோ ஓர் ஏரிக்கரையோரம் நடந்துகொண்டிருப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழியும்.

"விருந்தாளிங்கள கவனிச்சது போதும், வீட்டுக்காரனுக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

ஒரு மழைக்காலத்தில் பழைய சாமான் கடைக்காரர் முப்பத்தொன்பதாவதைக் கொடுத்தார். பித்தளைத் தொட்டி, பச்சை எனாமல் தொப்பி. ஏரிக்கரைகளை அளக்கப் போன ஒரு சர்வேயருடையதாம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மனைவி வீட்டை ஒழித்தபோது வந்தது. தொட்டிக்குள் பழைய மண்ணெண்ணெய் பிசினாகிக் கறுத்து ஒட்டியிருந்தது. கரைப்பானை ஊற்றி ஐந்து நாள் ஊறவைத்தாள். ஆறாம் நாள் கவிழ்த்துக் குலுக்கியபோது உள்ளே ஏதோ கிலுகிலுவென்றது.

நட்டாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அந்தச் சத்தம் நட்டின் சத்தமாக இல்லை. அதைவிட மெல்லியதாக, யாரோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது. தலைகீழாக எப்படித் திருப்பினாலும் வெளியே வரவில்லை. தொட்டியை அறுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மத்தியானம், கடைசி நோயாளி போன பிறகு, பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு விளக்கை மேஜைமேல் படுக்கவைத்தாள். பித்தளையைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்பதால் கதிரின் அளவைக் கொஞ்சம் கூட்டினாள். ஃபிலிம் கழுவி வந்ததும் வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் குளம். அதன் அடியில், பளிச்சென்று வெள்ளையாக, திருகாணியோடு ஒற்றைக்கல் தோடு.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எதையோ முழுங்கியிருக்காரு உங்க பேஷண்ட். ஆபரேஷன்தானா?"

"வேண்டாம் டாக்டர். வாய் வழியாவே எடுத்துரலாம்."

சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக்கொண்டு, ஃபிலிமைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, இரண்டு சாயங்காலம் தூண்டில் போட்டாள். இரண்டாம் நாள் மாட்டியது.

சர்வேயரின் மனைவி மூன்று தெரு தள்ளித்தான் இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். பின்கட்டு அறையில் உட்கார்ந்து தலையணை உறைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டை அவர் கையில் வைத்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இது தொலைஞ்சப்போ நாங்க மூணு பேரும் கூடாரத்துல இருந்தோம். அவரு, நானு, என் நாத்தனார்" என்றார். "நான் அவ பையத் தலைகீழா கொட்டிப் பாத்தேன்மா. அவ கண்ணு முன்னாடியே. ஒரு வார்த்தை கேக்கல, கொட்டுனேன். காலையில பஸ் ஏறிப் போனவதான். முப்பத்தோரு வருஷம்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"இதே ஊர்லதான். செடி வளர்த்து விக்கிறா." கொஞ்ச நேரம் தோட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நீ கூட வர்றியாமா? தனியாப் போனா வாசலோட திரும்பிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். துணிப்பையில் போட்ட விளக்கு எக்ஸ்ரே அக்காவின் மடியில் இருந்தது. செடித் தோட்டம் ஊரின் கோடியில், பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே இருந்தது. வெயில் வலையில் வடிகட்டி இறங்கியதில் தொட்டிகளும் தரையும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் தெரிந்தன. ஓர் அம்மாள் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்களைப் பார்த்தும் குழாயைக் கீழே வைக்கவில்லை.

"தோடு கிடைச்சிருச்சு" என்றார் சர்வேயர் மனைவி.

"எங்க?"

"விளக்குக்குள்ள."

தண்ணீர் ஒரே தொட்டியில் விழுந்து நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே அக்கா ஃபிலிமை எடுத்து நீட்டினாள். நாத்தனார் அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எண்ணெய் ஊத்தும்போது குனிஞ்சிருக்கீங்க அண்ணி. அன்னிக்கு நீங்கதான ஊத்துனீங்க."

"நீதான் ஊத்துன. நான் புனலப் பிடிச்சேன்."

"புனலப் பிடிச்சது நானு. கையெல்லாம் நாத்தம்னு ஏரியில போய்க் கழுவிட்டு வந்தேன். வந்து பாத்தா என் பை தரையில கிடக்குது."

சர்வேயர் மனைவி புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். பிறகு, "தப்புதான்" என்றார். "அன்னைக்கே தெரியும். கொட்டுன கையோட தெரியும்."

"தெரிஞ்சு என்ன புண்ணியம்? அண்ணன் சாவுக்கு வந்து வாசல்ல நின்னேனே, அப்பவாவது உள்ள வான்னு சொல்லியிருக்கலாம்."

"வாய் வரல."

நாத்தனார் போய்க் குழாயை மூடிவிட்டு, இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டார். சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. குரல் கரகரப்பாகவேதான் இருந்தது. ஆனால் உட்காரச் சொன்னார். "அது இன்னும் எரியுமா?" என்று பையைக் காட்டிக் கேட்டார்.

எக்ஸ்ரே அக்கா விளக்கைத் தரையில் வைத்தாள். திரிக்குப் பதிலாக எரியும் புது மேன்டில் வலையைக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, நிதானமாகப் பம்ப் அடித்தாள். ஒருமுறை குபுக்கென்றது, பிறகு உஸ்ஸென்ற மூச்சோடு வெளிச்சம் பிடித்துக்கொண்டது. பட்டப்பகலில் அது யாருக்கும் உதவாத வெளிச்சம். பச்சை நிழலுக்குள் பகல் நிலா இறங்கி உட்கார்ந்ததுபோல் இருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். விளக்கின் ஓசை கேட்கக் கேட்க, இத்தனை வருஷம் தான் நடந்து திரிந்த கரை யாருடையது என்று எக்ஸ்ரே அக்காவுக்கு முதல்முறையாகத் தோன்றியது. அந்த இரண்டு பேரும் ஒருவேளை அங்கேதான் போயிருந்தார்கள். தாழ்ந்த குரலில் என்னவோ பேசத் தொடங்கியிருந்தார்கள்: யார் பயந்தது, எந்த மரத்தில் துணி காய்ந்தது, அண்ணன் குறட்டைக்கு எத்தனை தவளை பதில் சொன்னது என்று.

"விளக்கு இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. சர்வேயர் மனைவி, "நான் சாயங்காலமா வர்றேன்மா, நீ போ" என்றார், அவளைத் திரும்பிப் பார்க்காமலே.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் காலிப் பை. தலையைச் சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கண்டக்டர் தட்டி எழுப்பும்போது பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தது. அவள் பார்த்தே இராத இடம். ஒரு டீக்கடை, ஒரு வேலி, அதற்கு அப்பால் வெறும் புல்.

"திரும்பிப் போற வண்டி முக்கால் மணி நேரம் ஆகும்கா" என்றார் கண்டக்டர்.

"பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.