கண்டித்தார் என்று எழுதினேன்

அந்தக் கடிதத்தின் நாலாவது வரியில் ஒரு மனிதனைப் புளியமரத்தில் கட்டினார்கள். ஐந்தாவது வரியில் அடி தொடங்கியது. ஞாயிறு பூசைக்கு வராத மீனவன் அவன். கட்டச் சொன்னவர், நானூறு வருடங்களுக்கு முன் எங்கள் கரையோரத்தில் ஒரு பங்குக்குப் பொறுப்பாயிருந்த குருவானவர். முதுகுத் தோல் கிழியும்வரை அடித்ததையும், அடுத்த ஞாயிறு கோயில் நிறைந்துவிட்டதையும் அவரே தன் மேலிடத்துக்குச் சந்தோசமாக எழுதியிருந்தார்.

அதைத் தமிழாக்குவதுதான் என் பரீட்சை. வரலாற்றில் முதுதத்துவமாணி என்ற ஆய்வுப் பட்டம் செய்கிறவர்கள் பழைய ஆவணங்களை நம்பி ஆய்வு செய்வதென்றால், அந்த ஆவணங்களின் மொழியை வாசிக்கத் தெரியும் என்று காட்டவேண்டும். பேசத் தேவையில்லை. ஒரு பக்கம், இரண்டு மணித்தியாலம், கையில் ஒரு அகராதி. நான் எடுத்தது போர்த்துக்கேய மொழி. மூன்று தரம் எழுதலாம், மூன்றிலும் தவறினால் பதிவே போய்விடும். முதல் தரம் நேரம் போதாமல் கோட்டைவிட்டேன். இந்தப் புளியமரம் இரண்டாம் தரம்.

அதிலும் தவறினேன். விடைத்தாளைப் பார்க்கக் கேட்டுப் போனேன். திருத்தியவர் வெளியூரிலிருந்து வந்த விரிவுரையாளர், மெதுவாகக் கதைக்கிற மனிதர். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதிலை 'கண்டித்தார்' எண்டு எழுதியிருக்கிறியள். சாட்டையாலை அடிச்சதெண்டுதான் கடிதத்திலை இருக்கு."

"சொல் பிடிபடேல்லை சேர்."

"பிடிபட்டிருக்கு. ஓரத்திலை பென்சிலாலை சரியா எழுதிப்போட்டு, பிறகு நீங்களே வெட்டியிருக்கிறியள்."

எனக்குக் காது சுட்டது. அவர் சொன்னது உண்மை. குருநகரில் எங்கள் வீட்டுக்குப் பங்குக் குருவானவர், எங்கள் வாயில் சுவாமியார், வந்தால், இருக்கிற கதிரையைத் துடைத்து வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் நிற்போம். சுவாமியார் அடித்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதை இந்த மனிதரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. வெளியே வந்து, கேள்வித்தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். திருத்தியவர் மேல் ஆத்திரம், சுவாமியார் மேல் ஆத்திரம், மரத்தில் கட்டுண்ட மீனவன் மேலும் ஆத்திரம். பேசாமல் பூசைக்குப் போயிருக்கலாம்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்று எழுதவே கூசுகிறது.

இந்தப் பழக்கம் எனக்கு வீட்டில் வந்தது.

என் அண்ணைக்குக் கடல் தொழில். கோபம் வந்தால் வாய்க்கு முன் கை போகும். மச்சாளை, அதாவது தன் மனைவியை, அடிப்பார். தேத்தண்ணி ஆறியிருந்தால் அடிப்பார். இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன நாட்களில் அவருக்குக் காரணமே தேவையில்லை. பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் மச்சாளின் தலை இடிபடும். இந்தப் பக்கம் இருந்து நான் வினைச்சொற்களை மனனம் செய்தேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கத்தினேன். அண்ணையைப் பார்த்தல்ல. "மச்சாள், எனக்குப் படிக்கவேணும், கொஞ்சம் சத்தம்போடாமல் இருங்கோ" என்று அவளைப் பார்த்து.

போன வருடம் அவளுக்குக் கை முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளும் நான்தான். என்ன நடந்தது என்று கேட்டார்கள். பைப்படியில் வழுக்கி விழுந்திட்டா என்றேன். அம்மா சொல்லி அனுப்பிய வசனம் அது. அயலில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பைப்படிப் பாசியைத் தேய்த்துக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணையை மிருகம் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் என் அகராதி அவர் தந்தது. பாரிசில் இருக்கும் சிநேகிதனை விடாமல் பிடித்து, செங்கல் தடிப்பில் ஒரு போர்த்துக்கேய அகராதியை வருவித்து, "எங்கடை வீட்டிலை நீயாவது படிச்சுக் கரைசேர்" என்று என் கையில் வைத்தார். நான் அவர் மேல் உயிரையே வைத்திருந்தேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாம் தரம், கடைசித் தரம், பரீட்சை காலை ஒன்பதரைக்கு. ஏழு மணிக்கு அண்ணை கடலால் வந்தார். வலையில் பாதியைக் காணவில்லை. மிச்சத்தை முற்றத்தில் எறிந்த சத்தம் கேட்டது. "ஐயோ, இவ்வளவும் போயிட்டுதே" என்று மச்சாள் சொன்னதும் கேட்டது. அவ்வளவுதான் அவள் சொன்னது.

நான் அறையை விட்டு வெளியே வந்தபோது பிளாஸ்டிக் கதிரை அண்ணையின் தலைக்கு மேலே நின்றது. ஒரு அடி மச்சாளின் தோளில் விழுந்தது. அடுத்தது, தடுக்கத் தூக்கிய கைகளில். மூன்றாவது தலையில். கதிரைக் கால் முறிந்து என் காலடியில் வந்து விழுந்தது. மச்சாள் சுவரோடு சரிந்தாள். இரத்தம் அவள் கண்ணுக்குள் வடிந்தது. "காணும் மோனை, காணும்" என்று அம்மா தூர நின்று சொன்னார். அண்ணை உடைந்த கதிரையைத் திரும்பவும் தூக்கினார். என் கையில் அகராதி இருந்தது. இரண்டு கையாலும் ஓங்கி அவர் முகத்துக்கு எறிந்தேன். மூக்கு உடைந்தது. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஓட்டோவில் மச்சாளின் தலையை என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். அம்மாவும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி பேனாவைத் திறந்தாள்.

"என்ன நடந்தது?"

"பைப்படியிலை வழுக்கி விழுந்திட்டா மிஸ்ஸி" என்றார் அம்மா.

சுவரில் மணிக்கூடு எட்டரை காட்டியது. பல்கலைக்கழகத்துக்கு ஓட்டோவில் பதினைந்து நிமிடம். வழுக்கி விழுந்தா என்றே இருக்கட்டும் என்று விட்டால் மச்சாளுக்குத் தையல் போடுவார்கள், நான் போய்ப் பரீட்சை எழுதலாம். தாதி எழுதத் தொடங்கிவிட்டாள். எனக்கு அந்தப் பென்சில் வெட்டு ஞாபகம் வந்தது.

"இல்லை மிஸ்ஸி. என்ரை அண்ணை அடிச்சவர். கதிரையாலை. மூண்டு தரம்."

அம்மா என் கைச்சதையைப் பிடித்துத் திருகினார். தாதி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப பொலிசுக்கு அறிவிக்கவேணும். அடி வாங்கினவை பிறகு மாத்திச் சொல்லுவினம். கண்ணாலை கண்ட நீங்கள் நிண்டு வாக்குமூலம் குடுப்பீங்களோ?"

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"அவை வாறதைப் பொறுத்தது."

"நிக்கிறன்" என்றேன்.

பத்தரைக்குத்தான் பொலிஸ்காரர் வந்தார். அதற்கு முன்பே பரீட்சை மண்டபக் கதவு பூட்டியிருக்கும். என் பதிவு அத்தோடு போயிற்று. பிறகு மன்றாடி எழுதிய கடிதம் எதுவும் எடுபடவில்லை. ஒன்றரை வருட ஆய்வு, பெட்டி நிறையக் குறிப்புகள். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு ஐந்து நிமிடமும் போவதைப் பார்த்து எனக்கு எதையாவது உடைக்கவேண்டும் போலிருந்தது.

பொலிஸ்காரர் நான் சொன்னதைக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டினார்.

"குடும்பத் தகராறில் கணவர் மனைவியைக் கண்டித்தபோது காயம் ஏற்பட்டது."

"அதை வெட்டுங்கோ" என்றேன். என் குரலுக்கு வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "கண்டிக்கேல்லை. அடிச்சவர். கதிரையாலை அடிச்சார் எண்டு எழுதுங்கோ."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்டினார். கதிரையால் மூன்று தரம் அடித்தார் என்று எழுதினார். பிறகு தாளை மச்சாளின் கட்டிலடிக்குக் கொண்டுபோனார். அவளுக்குத் தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டிருந்தது, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவள் இல்லையென்று சொல்லப்போகிறாள் என்று நான் பயந்தேன். அம்மா அதைத்தான் எதிர்பார்த்து நின்றார். மற்றக் கண்ணால் அவள் மெல்ல மெல்ல வாசித்தாள்.

"மூண்டு இல்லை" என்றாள், பிறகு என்னைக் காட்டினாள். "நாலு. மச்சாள் அறைக்குள்ளை இருந்து வர முந்தி ஒண்டு."

பொலிஸ்காரர் மூன்றை வெட்டிவிட்டு நாலு என்று எழுதினார்.